வெறுங் கெபியில் வைத்த நேர்த்தி

இதை எழுதலாமோ விடலாமோ என்று பல வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனையை எடுப்பேன், சிலுவை அடையாளம் போடுவேன், இரண்டு வரி எழுதுவேன், பிறகு கிழித்துப் போட்டுவிடுவேன். நான் ஊரில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்து எனக்குக் கைவந்த வேலை இல்லை. அதோடு, என்ர மனிசி, என்னைக் கட்டினவ, உயிரோடு இருக்கும்போது எழுதினால் அவவுக்கு நோகும் என்ற பயமும் இருந்தது. அவ போன பிறகும் கை வரவில்லை.

அவவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்கிறேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் கதைக்கிறார்கள். ஒருவர், ஸ்பெயினில் வைத்து மாதா அவவுக்குக் காட்சி கொடுத்தவ என்கிறார். மற்றவர், "காட்சியோ? அவ பள்ளிவாசலில போய் முழங்காலில நிண்டவ. அதாலதான் தம்பியைப் பறிகுடுத்தவ" என்கிறார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டு கதையும் பிழை. அன்று அவவுக்குப் பக்கத்தில் நின்றவன் நான் ஒருவன்தான். அதனால் எழுதுகிறேன்.

மனிசிக்கு ஒரே ஒரு தம்பி. தாய் நேரத்தோடு செத்துப்போக, இவதான் அவனைத் தூக்கி வளர்த்தவ. நாங்கள் எண்பதுகளின் நடுவில் மன்னாரை விட்டு லண்டனுக்கு வரும்போது அவனையும் கூப்பிட்டோம். "நீங்கள் போங்கோ அக்கா, நான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்று சிரித்தான். தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அரிசி வாங்கப் போனவன். திரும்பி வரவில்லை. யார் மறித்தது, எங்கே கொண்டுபோனது, ஒருவருக்கும் தெரியாது.

அப்போது நாங்கள் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். டெலிபோன் அடித்தால் மனிசி கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஓடி வருவா. எடுக்க மாட்டா, என்னை எடுக்கச் சொல்லிவிட்டு என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பா. கோயிலில் பூசைக்குப் பேர் கொடுக்கும்போது, இருக்கிறவருக்கோ இறந்தவருக்கோ என்று கேட்பார்கள். அவ ஒவ்வொரு முறையும், "தேவைக்காக எண்டு போடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவா. இப்படியே வருடங்கள் போயின. மன்னார்க் காட்டுக்குள் இருக்கிற மடுக் கோயில் மாதாவிடம் போய்க் கேட்கவேண்டும் என்றுதான் அவவுக்கு ஆசை. ஊருக்குப் போகிற நிலைமையோ அது? அந்த நேரம் எங்கள் தமிழ்ச் சனம் போர்த்துக்கலில் இருக்கிற பாத்திமா மாதா கோயிலுக்கு யாத்திரை ஒழுங்குபண்ணியது. மடுவின் ஆவணித் திருநாள் அன்று பாத்திமாவில் நிற்கலாம் என்றார்கள். உடனே பேர் கொடுத்துவிட்டா.

நேரே போகிற பிளேன் விலை கூட என்று, ஸ்பெயினின் தெற்கே வெயில் காயப்போகிற வெள்ளைக்காரரோடு எங்களையும் ஏற்றி இறக்கினார்கள். அங்கிருந்து கோச். வழியில் ஒரு பழைய நகரத்தில் அரைநாள் நிற்பது. அந்த ஊரின் பேர் என்ர வாய்க்கு இன்றைக்கும் ஒழுங்காக வராது, அதனால் எழுதவில்லை. முந்தி முஸ்லிம் அரசர்கள் இருந்து ஆண்ட ஊர் என்பது மட்டும் தெரியும். அதுவும் பிறகுதான் தெரியும்.

கோச் பழைய நகரத்துக்குள் போகாது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, பாலத்தால் நடந்து போங்கள் என்றார்கள். மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தது. எங்களூர் வெயிலில் ஒரு காற்று இருக்கும்; இதில் அதுவும் இல்லை. மனிசி கோச்சின் படியிலேயே செருப்பைக் கழற்றி என்ர பையில் வைத்துவிட்டா. லண்டனின் எட்மண்டன் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா எங்களோடு பயணம். நல்ல மனிசிதான், வாய் மட்டும் ஓயாது.

"என்னடியப்பா, விசரே உமக்கு? கல்லில முட்டை பொரிக்கலாம்."

"மடுவுக்குச் செருப்போட போறதே அக்கா?"

"இது மடுவே? இன்னும் பாத்திமாவே வரேல்லை. இப்பவே காலைப் பொரிச்சுப்போட்டு அங்கை எதாலை நடக்கிறது, கையாலையோ?"

எல்லாரும் சிரித்தார்கள். மனிசியும் சிரித்தா. பாலத்தின் நடுவில் செட்டை விரித்த ஒரு சம்மனசின் சிலை, அதன் காலடியில் யாரோ ஏற்றிய சிவப்பு மெழுகுதிரிகள் உருகி வழிந்து கிடந்தன. அதைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டு நடந்தோம். பாலம் முடிகிற இடத்தில் கோட்டை மாதிரி ஒரு பெரிய மதில். அதுதான் இந்த ஊரின் பெரிய கோயில் என்றார்கள். மணிக்கோபுரமும் இருந்தது. எங்களுக்கு அது போதும்.

முற்றம் நிறைய ஒரேஞ்சுத் தோடை மரம். உள்ளே கால் வைத்ததும் குளிர்ந்தது. கண் இருட்டுக்குப் பழகப் பழகத் தூண்கள் தெரிந்தன. எந்தப் பக்கம் பார்த்தாலும் தூண். ஒவ்வொரு தூணுக்கு மேலும் சிவப்பும் வெள்ளையுமாக வளைவு, அந்த வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு. பீடம் எங்கே, நற்கருணை எங்கே என்று ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் ஆட்கள் பிரிந்து பிரிந்து தூண்களுக்குள் மறைந்துபோனார்கள். மனிசி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி நேரே நடந்தா. நான் பின்னால் போனேன்.

கடைசிச் சுவரில் அது இருந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு, அதைச் சுற்றி முழுக்கப் பொன், பொன்னுக்குள் நீலமும் பச்சையுமாகப் பூவேலை. நடுவில் ஒரு குகை. குகைக்குள் இருட்டு. சிலை இல்லை. முன்னுக்கு இரும்புக் கம்பி போட்டிருந்தது. சனம் அதற்கு வெளியே நின்று படம் பிடித்தது.

இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பக்கத்தில் மாதா கெபி என்றால் இப்படித்தான்: வளைவாக ஒரு குகை, அதற்குள் மாதா. நாங்கள் ஊரை விட முன்னம், குண்டு விழத் தொடங்கிய காலத்தில், எங்கள் ஊர்ச் சுவாமியார் சிலையைப் போர்வையால் சுற்றிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார். நாங்கள் மாதக்கணக்காக வெறுங் கெபிக்கு முன்னால் நின்றுதான் செபமாலை சொன்னோம். மாதா திரும்பி வருவா என்று அந்த வெறுமைக்கே மெழுகுதிரி ஏற்றினோம். ஆனபடியால் சிலை இல்லாத கெபியைக் கண்டு மனிசி ஆச்சரியப்படவில்லை. அவவின் கண் கலங்கியது. "இஞ்சையும் தூக்கிக்கொண்டு போட்டினம் அப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டு அப்படியே முழங்காலில் விழுந்தா. நானும் அதை நம்பினேன்.

முழங்காலாலேயே கம்பி வரைக்கும் போனா. இரண்டு கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு, ஊரில் கேட்கிற மாதிரியே சத்தமாகக் கேட்டா. "தாயே, அவனைக் காட்டு. உயிரோட ஒருக்காக் காட்டு. அவன் வந்தால் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து, இதே இடத்தில, இதே மாதிரி முழங்காலில நிப்பன்." படம் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் ஒதுங்கினார்கள். இரண்டொருவர் அவவையும் படம் பிடித்தார்கள்.

காவல்காரர் ஒருவர் ஓடி வந்தார். "நோ பிரேயர், நோ பிரேயர்" என்று கையை ஆட்டினார். மனிசி கையை விரித்தபடியே அவரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

"கோயிலுக்குள்ள செபிக்க வேண்டாமெண்டு சொல்லுறாரோ?"

கறுத்த பெண், தலையில் முக்காடு, வெறுங்கால், அந்தக் குகைக்கு முன்னால் முழங்கால். அவர் அவவை முஸ்லிம் என்று நினைத்துவிட்டார். அங்கே அவர்கள் தொழக் கூடாது என்பது சட்டமாம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. மனிசி நெஞ்சில் தட்டி, "நான் வேதக்காரி ஐயா, வேதக்காரி" என்று, கிறிஸ்தவள் என்பதை எங்கள் ஊர்ச் சொல்லால், தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் அவவின் கழுத்திலிருந்த செபமாலையை எடுத்துக் காட்டினேன். அந்த மனிசன் செபமாலையைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், குகையைப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்துபோனது. கையைக் கொடுத்து மெல்ல எழுப்பிவிட்டார். பெரிய பீடம் நடுவில் இருக்கிறது என்று விரலால் காட்டினார். அவரில் ஒரு பிழையும் இல்லை, தன் வேலையைச் செய்தார்.

தோடை முற்றத்தில் எங்களோடு வந்த சுவாமியார் நின்றார். எட்மண்டன் அக்கா எல்லாவற்றையும் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறா. "சுவாமி, இவ பள்ளிவாசலில நேர்த்தி வைச்சுப்போட்டு வாறா" என்று சிரித்துக்கொண்டு சொன்னா. அதில் கெட்ட எண்ணம் இருந்ததென்று நான் சொல்லமாட்டேன்.

சுவாமியார் விளங்கப்படுத்தினார். "அது முஸ்லிம் ஆக்கள் மக்கா திசையைப் பாத்துத் தொழுத இடம் அம்மா. முந்தி இது முழுக்கப் பள்ளிவாசல். பிறகு கிறிஸ்தவ அரசர் ஊரைப் பிடிச்சுக் கோயிலாக்கினவர். அந்தச் சனத்தையும் காலப்போக்கில நாட்டை விட்டே அனுப்பிப்போட்டினம்."

மனிசி கேட்டா: "எத்தினை நாள் குடுத்தவை சுவாமி?"

"என்னம்மா?"

"வெளிக்கிடச் சொல்லி."

சுவாமியார் யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரர், வெளிநாட்டில் படித்தவர். அவருக்கு அந்தக் கேள்வி சட்டென்று பிடிபடவில்லை. எனக்குப் பிடிபட்டது. தம்பி காணாமல் போக முன்னம் அவனைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த கடைசிச் செய்தி அதுதான். மன்னாரில் எங்கள் பக்கத்து வீடு முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் அவர்களை எல்லாம் இரண்டொரு நாள் தவணை கொடுத்து ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, தம்பி அந்த வீட்டுக்காரியின் தையல் மெசினைத் தலையில் தூக்கிக்கொண்டு கடற்கரை வரைக்கும் போனானாம். அங்கே காவல் நின்றவர்கள் கொண்டுபோக விடவில்லை. திரும்பத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்குள் வைத்தானாம். கொழும்புக்கு வந்த ஒருவர் டெலிபோனில் சொன்னது. அதற்குச் சில கிழமைக்குப் பிறகுதான் அவனும் இல்லாமல் போனான்.

மனிசி திரும்பிக் கோயில் வாசலைப் பார்த்தா. பிறகு, "அப்ப நான் ஆரிட்டைக் கேட்டனான்?" என்றா.

"கடவுள் ஒருத்தர்தானே அம்மா. எங்கை நிண்டு கேட்டாலும் அவருக்குக் கேக்கும்."

"கேக்கும் சுவாமி. ஆனால் நேர்த்தியை வைச்ச இடத்திலதானே தீர்க்கவேணும்? அவன் வந்தால் நான் அவனை இஞ்சை எல்லோ கூட்டிக்கொண்டு வரவேணும். இஞ்சை விடமாட்டினமே."

எங்கள் சனத்துக்கு இது விளையாட்டில்லை. மடுவில் வைத்த நேர்த்திக்கடனை மடுவில்தான் தீர்க்க வேண்டும். சுவாமியாருக்கும் அது தெரியும். "அப்ப வேற ஒரு கோயிலில மாதாவுக்கு முன்னால மாத்தி வையுங்கோ. இந்த ஊர் நிறையக் கோயில்தானே" என்றார். உள்ளே பெரிய பீடத்துக்குப் போவம் என்று நான் சொன்னேன். மனிசிக்கு வெட்கம். "அந்தக் கூரைக்குக் கீழ இனி என்னால ஏலாது" என்றா.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த நகரத்தை நடந்து பார்த்தோம். கோச் வெளிக்கிட முன்னம் மாதா இருக்கிற ஒரு கோயில் வேண்டும். எங்களுக்கு அது ஒன்றுதான் தேவை.

ஒழுங்கைகள் சரியான ஒடுக்கம். கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் முட்டும். சுவர் எல்லாம் சுண்ணாம்பு அடித்து வெள்ளை, கண் கூசியது. சுவரில் நீலச் சட்டி தொங்கியது, சட்டிக்குள் சிவப்புப் பூ. நிலம் முழுக்கக் கூழாங்கல் பதித்திருந்தது. முதல் கோயிலைக் கண்டதும் மனிசி ஓடினா. பெரிய மரக்கதவு, ஆணி அடித்தது, பூட்டியிருந்தது. இரண்டாவதும் பூட்டு. மூன்றாவது கோயிலின் வாசலில் ஒரு பெண் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு நின்றா. நான் செபமாலையைக் காட்டிக் கெஞ்சினேன். அவ கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினா. நித்திரையாம். மத்தியானம் முழு ஊரும் நித்திரை கொள்ளுமாம், கோயில் உட்பட. ஐந்து மணிக்குப் பிறகுதான் திறப்பார்களாம்.

அப்போதுதான் கவனித்தேன், தெருவில் ஒரு குஞ்சு இல்லை. கடைகள் அடைப்பு. சன்னல் பலகைகள் அடைப்பு. எங்கள் காலடிச் சத்தம்தான் கேட்டது.

"கேர்பியூ போட்ட மாதிரி இருக்கப்பா" என்றா மனிசி.

இன்னொரு கோயில். அதன் மணிக்கோபுரம் சதுரமாக, அடியில் அந்தக் குதிரை லாட வளைவோடு நின்றது. மனிசி அண்ணாந்து பார்த்தா. "இதுவும் அவையின்ரதோ?" நான் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு அவவுக்குக் கோயில் தேடுகிற கண் போய்விட்டது. ஓர் இரும்புக் கேற்றுக்குள்ளால் ஒரு முற்றம் தெரிந்தது. நடுவில் கிணறு, சுற்றிப் பூச்சட்டி, எங்கோ தண்ணீர் சொட்டுகிற சத்தம். "இந்தக் கிணறும் அவை வெட்டினதோ?" ஒரு பழைய வளைவுக்குக் கீழால் போனோம். "இது?" தண்ணீர் ஓடுகிற ஒரு கல் வாய்க்கால். "இது?"  வீட்டைக் கட்டி, கிணறு வெட்டி, மரம் வைத்து, எழும்பிப் போன சனம். இப்போது இருக்கிறவர்கள் அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பூவுக்கு ஊற்றிவிட்டு நித்திரை கொள்கிறார்கள். அவர்களையும் என்ன சொல்வது? எங்கள் வீட்டிலும் இப்போது யாரோ இருக்கிறார்கள்.

ஒரு மதில் நிழலில் மனிசி குந்திவிட்டா. காலைத் திருப்பிப் பார்த்தால் கொப்புளம் போட்டு ஒன்று உடைந்திருந்தது. என்ர சொக்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றா.

"அந்த மனிசி இப்ப எங்கை இருக்குதோ?"

"ஆர்?"

"மெசின்காரி. அவளும் எங்கையோ இருந்து தொழுவாள் எல்லோ. ஊருக்குத் திரும்ப வேணுமெண்டு கேப்பாள்."

"கேப்பாள்தான்."

"அவளுக்குக் குடுக்காததை எனக்கு அவையின்ர இடத்தில வைச்சுக் குடுப்பாரோ அப்பா?"

நான் படிப்பில்லாதவன். "அப்பிடிக் கணக்குப் பாக்கிறவரில்லை ஆண்டவர்" என்றேன். அவ தலையாட்டினா. நம்பினாவோ தெரியாது.

பிறகு வழியும் தவறிப்போனது. சுற்றிச் சுற்றி வந்து ஒருவாறு ஆற்றைக் கண்டு, பாலம் தாண்டி, கோச்சுக்கு வந்தோம். எல்லாரும் ஏறி இருந்துகொண்டு எங்களைத்தான் பார்த்திருந்தார்கள். கோச் திரும்பும்போது ஐந்து மணியாகி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோயில் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கத் தொடங்கின. மனிசி சன்னலுக்கு வெளியே பார்க்கவில்லை. பூட்டிக் கிடந்த கோயில்கள் திறக்கிற மணியை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்க எனக்கு அழுகை வந்தது.

பாத்திமாவில் திருநாள் அன்று அவவை மாதாவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "இப்ப மாத்தி வையும்" என்றேன். அவ நெடுநேரம் மாதாவைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"வேண்டாம் அப்பா. முதல் என்ர சொல்லைக் கேட்டவருக்கு அது அவமரியாதை. அங்கையே கிடக்கட்டும்."

இதை அவ எட்மண்டன் அக்காவுக்கும் சொல்லிவிட்டா. மறைக்கத் தெரியாதவ. லண்டன் வந்து சேர முன்னம் கதை கோச் முழுக்கத் தெரியும். கொஞ்ச நாளில் கோயில் முழுக்க. சிலருக்கு அது காட்சியானது. சிலர் வேறு மாதிரிக் கதைத்தார்கள். ஒருநாள் பூசை முடிந்து வருகையில் அந்த அக்காவே மனிசியின் கையைப் பிடித்து, "பிள்ளை, பாத்திமாவில வைச்சாவது மாத்தியிருக்கலாம். தம்பிக்கு ஏதும் நடந்தால் பிறகு உமக்கு மனம் கேக்குமே?" என்றா. அக்கறையில் சொன்னதுதான். ஆனால் அன்றிலிருந்து மனிசி சாப்பாட்டைக் குறைத்துவிட்டா. டெலிபோன் அடித்தால் ஓடி வருவதில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவா. தன் வாயால்தான் அவனுக்குக் கேடு வந்துவிடுமோ என்று பயந்தா. நான் எவ்வளவோ சொன்னேன், சுவாமியாரும் சொன்னார். கேட்கவில்லை.

அடுத்த தவக்காலத்தில் செய்தி வந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் லண்டனின் கிழக்கே குட்மேய்ஸில் தன் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார், தம்பியோடு ஒரே இடத்தில் அடைபட்டுக் கிடந்தவராம். யாரின் காவல் என்று நான் எழுதப்போவதில்லை. அதை எழுதினால் கதை வேறு பக்கம் போய்விடும். நாங்கள் போனோம். வந்தவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"அக்கா, நீங்கள் முதல் இருங்கோ."

"இருக்கிறன். சொல்லும்."

"கொண்டுவந்த முதல் மாரியிலேயே அவருக்குக் காய்ச்சல் பிடிச்சது. மருந்தொண்டும் இல்லை. நான் பக்கத்திலதான் இருந்தனான்."

மனிசி அழவில்லை. "ஏதும் சாப்பிட்டவனோ?"

"கஞ்சி குடிச்சவர் அக்கா. கடைசி நாள் அதுவும் இல்லை."

"செபம் சொன்னவனோ?"

"சொன்னவர். நானும் கூடச் சொன்னனான்."

அவ அவரின் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தா. தேத்தண்ணி கொண்டுவந்தார்கள், குடித்தா. நாங்கள் வெளிக்கிட்டோம்.

திரும்பி வரும்போது ரெயினில் சனம் குறைவு. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். முதல் மாரி என்றால், நாங்கள் ஸ்பெயினுக்குப் போக எவ்வளவோ வருடத்துக்கு முன்னமே அவன் போய்விட்டான். மனிசி அந்தக் குகைக்கு முன்னால் கை விரித்தபோது அவன் மண்ணுக்குள் கிடந்தான். அப்படியென்றால் அவவின் நேர்த்தி அவனைத் தொடவே இல்லை. அவவின் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை எடுத்துவிடலாம் என்று நினைத்து, வாயைத் திறந்து சொன்னேன்.

"இஞ்சரும், நீர் அண்டைக்கு அங்கை கேட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் அதுக்கு எவ்வளவோ முதலே போட்டான். உம்மில பிழை இல்லை."

அவ சன்னலில் தலையைச் சாய்த்தா. 

"என்ர பிழையாலை எண்டாலும் நல்லாயிருந்திருக்கும் அப்பா" என்றா. "அப்பிடியெண்டால் நான் அங்கை போகும் வரைக்கும் அவன் உயிரோட இருந்திருப்பான் எல்லோ."

அதற்குப் பிறகு அவ சாகும்வரை அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. என்ர ஆண்டவர் சாட்சியாக ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதை வாசிக்கிற நீங்கள் யாருக்காவது சொல்வதானால் இப்படியே சொல்லுங்கள். மாதா வந்து நின்றவ என்று சேர்க்க வேண்டாம். அங்கே ஒருவரும் வரவில்லை. பள்ளிவாசலில் முழந்தாளிட்டதால் சாபம் விழுந்தது என்றும் சேர்க்க வேண்டாம். அவன் அதற்கு முன்னமே செத்துப்போனான். எழுத்தில் பிழை இருந்தால் அதையும் திருத்தாமல் அப்படியே கொடுங்கள். திருத்தத் தொடங்கினால் கதையும் மாறிவிடும். அவவுக்காகவும், தம்பிக்காகவும், அந்தத் தையல் மெசின்காரி எங்கே இருந்தாலும் அவளுக்காகவும் ஒரு பரலோக மந்திரம் சொல்லிக்கொள்ளுங்கள்.